நிறுத்தத்தில் நின்று பார்த்த பேருந்துச் சேவை

ஒரு நகரப் பேருந்து நிர்வாகத்தின் நேர அட்டவணைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்தப் பிரிவுக்கு வரும் எவருக்கும் முதலில் பழக்கமாவது பணிமனைக் கணக்குதான். இன்று எத்தனை வண்டிகள் வெளியே போயின, எத்தனை நடைகள் ஓடின, எத்தனை ரத்தாயின, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, வசூல் எவ்வளவு என்பவை அன்றன்று மாலைக்குள் மேசைக்கு வந்துவிடும். இவை அத்தனையும் வண்டியைப் பற்றிய கணக்குகள். பயணி எவ்வளவு நேரம் நின்றார், வந்த வண்டியில் அவரால் ஏற முடிந்ததா, ஏறியவர் நினைத்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இருந்ததில்லை. சேவையைச் சீராக்க நாங்கள் எடுத்த முயற்சிகளில் உருப்படியான பலன் தந்தவை எல்லாம், நிறுத்தத்துக்கே போய் நின்று, பயணியின் பக்கமிருந்து கணக்குப் போட்ட பிறகு எடுத்தவையே. நகரப் போக்குவரத்தில் அக்கறையுள்ள அதிகாரிகளுக்கும், மனு எழுதும் பயணிகளுக்கும் பயன்படக்கூடும் என்பதால் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் நிர்வாகத்தின் முக்கியமான வழித்தடம் ஒன்றில் 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று அட்டவணை இருந்தது. திட்டமிட்ட நடைகள் ஏறத்தாழ முழுவதுமாக ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அந்த வழித்தடத்திலிருந்து வந்த புகார்கள் குறையவே இல்லை. வண்டியே வருவதில்லை என்பதுதான் பெரும்பாலான புகார்களின் சாரம். ஓடிய நடைகளின் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு, மக்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று தோன்றுவது இயல்பு. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, வழித்தடத்தின் நடுப்பகுதியில், ஒரு பெரிய சந்திப்பை அடுத்திருந்த நிறுத்தத்தில் மாலை வேளையில் ஆட்களை நிறுத்தினோம். நானும் போய் நின்றேன். வண்டி எண், வந்த நேரம், ஏற முடியாமல் நின்றுவிட்டவர்களின் எண்ணிக்கை என்று நோட்டில் மூன்றே பத்திகள் போட்டிருந்தோம்.

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு படிக்கட்டு வரை ஆள் நிறைந்த ஒரு வண்டி வந்து, இறங்குபவர்களுக்காக நிறுத்தத்தைத் தாண்டிச் சற்றுத் தள்ளி நின்றது. காத்திருந்த கூட்டம் அதை நோக்கி ஓடியது. பையைத் தோளில் மாட்டியபடி ஓடிய ஒரு பெண்ணும், அவர் கையைப் பிடித்திருந்த சிறுமியும் கதவருகே போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவர்கள் திரும்பி நடந்து வரும்போதே அதே எண்ணுள்ள அடுத்த வண்டி, பாதி இருக்கைகள் காலியாக, முன் வண்டியை ஒட்டியே வந்தது. நிறுத்தத்தில் கையைக் காட்டுவோர் யாரும் இல்லாததால் நிற்காமலே போய்விட்டது. அன்று மாலை இதுவே திரும்பத் திரும்ப நடந்தது. அட்டவணைப்படி அத்தனை வண்டிகளும் வந்திருந்தன. புகார் எழுதியவர்கள் சொன்னதும் முற்றிலும் உண்மையாக இருந்தது.

வண்டிகள் இப்படிச் சேர்ந்து வருவதற்கு ஓட்டுநர்களின் அலட்சியமே காரணம் என்று பலர் நம்புகிறார்கள். தனியாக யாரும் தவறு செய்யாவிட்டாலும் இது நடந்தே தீரும் என்பதை 1964-லேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணித முறையில் காட்டிவிட்டார்கள். ஒரு வண்டி ஏதோ ஒரு சிக்னலில் ஒரு நிமிடம் பிந்தினால், அடுத்த நிறுத்தத்தில் அதற்காக வழக்கத்தைவிடக் கூடுதலான பேர் காத்திருப்பார்கள். அவர்கள் ஏற நேரமாகும். அதனால் அது மேலும் பிந்தும். அதன் பின்னால் வரும் வண்டிக்கோ ஆட்கள் குறைவு, நிற்கும் நேரமும் குறைவு. ஆகவே அது முன் வண்டியை நெருங்கிக்கொண்டே வரும். தலையிட்டுச் சரிசெய்யாத வரை இந்த இடைவெளி தானாகச் சீராவதில்லை. வழித்தடம் நீள நீள மோசமாகத்தான் ஆகும்.

பயணிக்கு இதனால் எவ்வளவு இழப்பு என்பதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வரும் ஒருவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே எண்ணிக்கையிலான வண்டிகள் 18 நிமிடம், 2 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் என்ன ஆகும்? பத்தில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளிக்குள்தான் நிறுத்தத்துக்கு வருவார்கள்; அவர்களுடைய சராசரிக் காத்திருப்பு 9 நிமிடம். எஞ்சிய ஒருவருக்கு மட்டும் 1 நிமிடம். எல்லோரையும் சேர்த்தால் சராசரி 8.2 நிமிடம். வண்டிகளோ நடைகளோ டீசல் செலவோ ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் காத்திருப்பு மட்டும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது.

நெரிசலும் அப்படித்தான். முன் வண்டியில் 90 பேர், பின் வண்டியில் 10 பேர் என்றால், வண்டிக்குச் சராசரி 50 பேர் என்று பணிமனை அறிக்கை சொல்லும். கூட்டம் அளவாக இருக்கிறது என்று அலுவலகமும் முடிவுக்கு வரும். அந்த நூறு பேரையும் தனித்தனியே கேட்டால், 90 பேர் பிதுங்கும் வண்டியில் வந்ததாகச் சொல்வார்கள். பயணிகளின் அனுபவத்துக்குச் சராசரி எடுத்தால் விடை 82. அலுவலகத்தின் 50-க்கும் மக்களின் 82-க்கும் நடுவே உள்ள இந்தப் பள்ளத்தில்தான் எங்கள் புகார்களில் பெரும்பகுதி விழுந்து கிடந்தது.

எனவே முதலில் அளவுகோலை மாற்றினோம். இதற்கு முன்மாதிரி லண்டன் பேருந்துச் சேவை. அங்கே மணிக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் ஓடும் வழித்தடங்களில், வண்டி அட்டவணை நேரத்துக்கு வந்ததா என்று பார்ப்பதில்லை. சீராக வந்திருந்தால் எவ்வளவு காத்திருந்திருப்பார்கள், உண்மையில் எவ்வளவு காத்திருந்தார்கள் என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, வண்டி ஓட்டும் நிறுவனங்களுக்கான ஊக்கத்தொகையையும் பிடித்தத்தையும் அதன்படியே தீர்மானிக்கிறார்கள். அதிகப்படியான காத்திருப்பு என்ற இந்த ஓர் எண் எங்கள் வாராந்திரக் கூட்டத்துக்கு வந்த பிறகு, அங்கே கேட்கப்பட்ட கேள்விகளே மாறின. எத்தனை நடைகள் ரத்து என்று கேட்டவர்கள், எந்த நிறுத்தத்திலிருந்து இடைவெளி உடையத் தொடங்குகிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நிர்வாகம் ஒரே ஒரு சீர்திருத்தத்துக்குத்தான் மனம் வைக்கும் என்றால், நான் இதைத்தான் கேட்பேன். வண்டிகளில் ஜிபிஎஸ் இருந்தால் இதற்கான தகவல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் ஒரு நோட்டும் கடிகாரமும் போதும்.

எங்கள் வழித்தடத்தில் இடைவெளி உடைந்த இடம் பெரும்பாலும் சாலையிலேயே இல்லை, முனையத்தில் இருந்தது. போய்வர 100 நிமிடம், முனையத்தில் நிற்க 10 நிமிடம், ஆக 110 நிமிடச் சுற்றுக்கு 11 வண்டிகள் என்று அட்டவணை போடப்பட்டிருந்தது. அந்த 100 நிமிடம் பழைய போக்குவரத்து நிலவரத்தை வைத்து எடுத்த சராசரி. மாலை நெரிசலில் பல நடைகள் அதைத் தாண்டிவிட, ஓய்வுக்கென்று இருந்த பத்து நிமிடமும் வழியிலேயே கரைந்துபோனது. ஓட்டுநர் வந்த வேகத்தில் திரும்ப வேண்டியிருந்தது. முதல் நடையின் தாமதம் அடுத்த நடையின் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது. சுற்று நேரத்தை 120 நிமிடமாக்கினால் தாமதத்தை முனையத்தோடு நிறுத்திவிடலாம். ஆனால் 10 நிமிட இடைவெளியைக் காப்பாற்ற இன்னொரு வண்டி வேண்டும்; அது கிடைக்கவில்லை. அதே 11 வண்டிகளை வைத்து 11 நிமிட இடைவெளியில் ஓட்டுவதென்று முடிவானபோது, சேவையைக் குறைக்கிறார்கள் என்று எதிர்ப்பு வந்தது. நடைகள் குறைந்தது உண்மை. ஆனால் 11 நிமிடத்துக்கு ஒரு வண்டி சீராக வந்தால் காத்திருப்பு ஐந்தரை நிமிடம். தாளில் 10 நிமிடம் என்று எழுதிவிட்டு 18-ம் 2-மாக ஓட்டினால் எட்டு நிமிடத்துக்கு மேல். மாற்றத்துக்குப் பிறகு நிறுத்தத்தில் மறுபடி நின்று பார்த்தபோது, வண்டிகள் சேர்ந்து வருவது அடியோடு ஒழியவில்லை என்றாலும் எப்போதோ நடப்பதாகிவிட்டிருந்தது. புகார்களும் அந்த அளவுக்குக் குறைந்தன.

இந்த மாற்றத்துக்கு ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் கலந்து பேசியது பெரிய உதவி. அவர்களில் ஒருவர் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: “சார், முன்னாடி வண்டி எங்க இருக்குன்னு தெரிஞ்சா நானே நிதானமா வருவேன். தெரியாதப்போ, லேட்டுன்னு எழுதிடுவாங்களேன்னு வேகமாத்தான் வர வேண்டியிருக்கு.” குறித்த நேரத்துக்கு வராததற்கு விளக்கம் கேட்டுக்கொண்டே, இடைவெளியையும் காப்பாற்றச் சொல்வது நியாயமில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும் கட்டளைகள். வழியில் இரண்டு இடங்களில் நேரக்காப்பாளர்களை நிறுத்தி, முன் வண்டி போய் எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்து, நெருங்கி வரும் வண்டியை ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்தி அனுப்பச் சொன்னோம். அப்படி நிறுத்தப்பட்ட தாமதத்துக்கு ஓட்டுநரிடம் விளக்கம் கேட்பதில்லை என்று எழுத்தில் உத்தரவு கொடுத்தோம். உள்ளே அமர்ந்திருப்பவர்கள் இதனால் எரிச்சல்படுவார்கள் என்பதால், எதற்காக நிற்கிறோம் என்பதை நடத்துநர் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தோம். பெரும்பாலானவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். முனையத்தில் கழிப்பறையும் குடிநீரும் இல்லாவிட்டால், எவ்வளவு ஓய்வு நேரம் கொடுத்தாலும் ஓட்டுநர் அதைத் தேடிப் போய்வருவதிலேயே செலவழிந்துவிடும். ஊழியர் நலன் என்ற கோப்பில் கிடக்கும் அந்த வசதியைச் சேவையின் நேரந்தவறாமைக்கான முதலீடாகவே பார்க்க வேண்டும்.

நிறுத்தத்தில் கழியும் நேரத்தைப் பற்றி அடுத்துச் சொல்ல வேண்டும். ஒருவர் ஏறிக் காசு கொடுத்து மீதி வாங்க 6 வினாடி என்றால் 20 பேர் ஏற 2 நிமிடம் ஆகிறது; அத்தனை நேரமும் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் காத்திருக்கிறார்கள். கட்டணத்தை வண்டிக்கு வெளியே வாங்கிவிடுவது, அட்டையைத் தொட்டு ஏறுவது, எல்லாக் கதவுகளையும் ஏறுவதற்குத் திறந்துவிடுவது ஆகிய மூன்றும் இதைக் குறைக்கும் வழிகள். சான் பிரான்சிஸ்கோ 2012 ஜூலையில் தன் வழித்தடங்கள் அனைத்திலும் எல்லாக் கதவுகள் வழியாகவும் ஏறலாம் என்று அறிவித்தது. லண்டன் பேருந்துகள் 2014 ஜூலையில் ரொக்கம் வாங்குவதையே நிறுத்தின. ஆனால் கையில் ரொக்கம் மட்டுமே வைத்திருக்கும் பயணிகள் ஏராளமாக உள்ள நகரத்தில் ரொக்கத்தை ஒரே நாளில் நிறுத்துவது, பேருந்தை அதிகம் நம்பியிருப்பவரையே வெளியே தள்ளுவதாகும் என்பது என் உறுதியான கருத்து. கூட்டம் மிகுந்த நிறுத்தங்களில் மட்டும், நெரிசல் நேரத்தில், வண்டி வருவதற்கு முன்பே கீழே நின்று சீட்டு கொடுக்க ஓர் ஊழியரை வைத்ததில் எங்களுக்கு நல்ல பலன் கிடைத்தது.

அதே நிறுத்தங்களில் கவனித்த இன்னொன்று, வண்டிக்கும் நடைமேடைக்கும் இடையிலான தூரம். தாழ்தளப் பேருந்துகள் வந்துவிட்டால் முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் எளிதாக ஏறிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். கைத்தடியோடு நின்ற ஒரு பெரியவர் அந்தத் தாழ்தளப் பேருந்தில் ஏறுவதை அருகில் இருந்து பார்த்தேன். நிறுத்தத்தின் ஓரத்தில் வேறு வாகனங்கள் நின்றிருந்ததால் பேருந்து சாலையின் நடுப்பக்கமே நின்றது. அவர் நடைமேடையிலிருந்து தார்ச்சாலைக்கு ஒரு காலை இறக்கி, தடியை ஊன்றி, இரண்டு எட்டு வைத்து, அங்கிருந்து முழு உயரத்துக்கும் மறுபடி காலைத் தூக்க வேண்டியிருந்தது. மேலேயிருந்து ஒருவர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். தாழ்தளத்துக்காகச் செலவழித்த பணம் அந்த இடத்தில் முற்றிலும் வீணானது. நடைமேடையைப் பேருந்து நிற்கும் கோடு வரை முன்னுக்கு நீட்டிக் கட்டிவிட்டால் வேறு வாகனம் அங்கே நிற்க இடமே இராது. வண்டியும் ஓரமாக ஒதுங்கி, பிறகு திரும்பவும் போக்குவரத்தில் கலக்க வேண்டியதில்லை. புதிய வண்டி வாங்குவதைவிட மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை இது. ஆனால் சாலை ஒரு துறையிடமும் பேருந்து இன்னொரு துறையிடமும் இருப்பதால் எளிதில் நடப்பதில்லை. இரு துறையினரையும் அந்த நிறுத்தத்துக்கே அழைத்துப்போய், ஒரு மணி நேரம் நிற்க வைத்துக் காட்டியதுதான் எங்களுக்குப் பலித்த வழி.

நிறுத்தங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது இதைவிடக் கடினமான விஷயம். 10 கிலோமீட்டர் வழித்தடத்தில் 200 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்றால் 50 நிறுத்தங்கள். 400 மீட்டருக்கு ஒன்று என்றால் 25. வேகம் குறைத்து நின்று மறுபடி வேகம் எடுப்பதில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 20 வினாடி போகிறது என்று வைத்தால்கூட, ஏறத்தாழ 8 நிமிடம் மிச்சமாகும். அதற்கு ஈடாக ஒருவர் வழித்தடத்தையொட்டிக் கூடுதலாக நடக்க வேண்டியது அதிகபட்சம் 200 மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை நிமிடம். கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 200 மீட்டரை எல்லோராலும் ஒரே மாதிரி நடக்க முடிவதில்லை. மருத்துவமனை, முதியோர் அதிகமாக வசிக்கும் தெரு, சாலையைக் கடக்க வசதியில்லாத இடம் ஆகியவற்றுக்கு விலக்களித்துவிட்டு மற்றவற்றை இணைக்க வேண்டும். எடுக்கும் நிறுத்தத்துக்குப் பதிலாக மிஞ்சும் நிறுத்தத்தில் நிழலும் இருக்கையும் விளக்கும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். எடுத்த பிறகு போடுகிறோம் என்ற வாக்குறுதியை மக்கள் நம்புவதில்லை, நம்பவும் வேண்டியதில்லை.

சாலையில் பேருந்துக்கு வழிவிடுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1973-இல் நிலத்தடி ரயில் திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்த சூரிச் நகர மக்கள், டிராம்களும் பேருந்துகளும் தடையின்றி ஓடுவதற்காக 20 கோடி பிராங்க் செலவிட 1977-இல் சம்மதித்தார்கள். சிக்னல்கள் அவற்றுக்கு வழிவிடும்படி அமைக்கப்பட்டன. பிரேசிலின் குரிச்சிபா 1974-லேயே பேருந்துக்கெனத் தனித்தடம் அமைத்தது. அவ்வளவு பெரிய வேலைக்குப் பணமில்லாத நகரத்திலும் நிறுத்தத்தைச் சிக்னலுக்கு முன்னாலிருந்து சிக்னலைத் தாண்டிய இடத்துக்கு மாற்றலாம். முன்னால் இருந்தால், ஆட்களை ஏற்றி முடிக்கும் நேரத்தில் பச்சை போய்ச் சிவப்பு விழுந்து, வண்டி இரண்டு முறை நிற்க நேரிடுகிறது.

வழித்தடங்களை ஒன்றோடொன்று இணைப்பதில் சியோல் நகரம் 2004 ஜூலையில் செய்தது துணிச்சலான காரியம். வழித்தடங்களை நிறம் பிரித்து மாற்றியமைத்து, பேருந்திலிருந்து பேருந்துக்கோ ரயிலுக்கோ மாறினாலும் போகும் தூரத்துக்கு மட்டுமே கட்டணம் என்று ஆக்கியது. வண்டி மாறுவதைப் பயணிகள் வெறுக்கிறார்கள் என்று அலுவலகங்களில் அடிக்கடி சொல்வார்கள். நான் பேசிய பயணிகள் வெறுத்தது, மாறும்போது மறுபடி முழுக் கட்டணம் கொடுப்பதையும், சாலையின் மறுபக்கம் போய் அடுத்த வண்டி எப்போது வரும் என்றே தெரியாமல் நிற்பதையும்தான். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் நேர்வழி வண்டிகளை மட்டும் நிறுத்தினால் மக்களின் கோபம் நியாயமானதாகவே இருக்கும்.

செல்பேசியில் வண்டி வரும் நேரத்தைக் காட்டுவது இன்று பெரிதாகப் பேசப்படுகிறது. 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிர்வாகமும் கூகுளும் சேர்ந்து உருவாக்கிய பொதுவான தகவல் வடிவம் இப்போது உலகெங்கும் பழக்கத்தில் இருப்பதால், அட்டவணையை அந்த வடிவில் வெளியிட்டாலே பல செயலிகள் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. இன்னும் எத்தனை நிமிடம் என்று தெரிந்தால் அதே காத்திருப்பு சிறிதாகத் தெரிகிறது. இது ஆய்வுகளிலும் தெரிந்தது, நிறுத்தத்தில் நிற்பவர்களின் முகத்திலும் தெரிந்தது. ஆனால் ரத்தான நடையும் திரையில் வருவதுபோலக் காட்டி, கடைசி நிமிடத்தில் காணாமல் போனால் பயணிக்கு நம்பிக்கை ஒரே வாரத்தில் போய்விடும். எனவே ஒரு நடை ரத்தாகும்போது பணிமனையில் யார், எத்தனை நிமிடத்துக்குள், எந்தக் கணினியில் அதைப் பதிய வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகு திரையை மாட்டுவது நல்லது. செல்பேசி இல்லாதவர்களுக்காக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழித்தட எண், போகும் ஊர்கள், இடைவெளி, முதல் வண்டி, கடைசி வண்டி ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு பலகையும் வேண்டும். கடைசி வண்டியின் நேரம் தெரியாததாலேயே இரவுப் பணிக்குப் பேருந்தை நம்பாதவர்கள் பலரைச் சந்தித்திருக்கிறேன்.

பயணிகளின் மனுக்களைப் பல ஆண்டுகள் படித்தவன் என்ற முறையில், எப்படி எழுதினால் வேலை நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சேவை மோசம் என்று வரும் மனுவுக்கு, நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஒரு பதில் போய்விடும். கோப்பும் அதோடு மூடிவிடும். வழித்தட எண், எந்தத் திசை, நிறுத்தத்தின் பெயர், தேதி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை வண்டி இல்லை, பிறகு எத்தனை வண்டிகள் சேர்ந்து வந்தன, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று எழுதினால் அதற்கு அப்படிப் பதில் எழுத முடியாது. யாராவது அந்த நாளின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒரே நிறுத்தத்தில் ஏறுபவர்கள் சிலர் சேர்ந்து, முறைவைத்து ஒரு மாதம் இப்படிக் குறித்து அனுப்பிய தாள்கள்தான், எங்கள் இரண்டாவது வழித்தடத்தின் சுற்று நேரத்தை மாற்றுவதற்கு நாங்கள் மேலிடத்துக்கு அனுப்பிய குறிப்பில் முதல் இணைப்பாகச் சேர்க்கப்பட்டன. அந்தக் குறிப்புக்கு ஒப்புதல் கிடைத்தது.